கயிறும் கரும்பலகையும்: பாடசாலையிற் சர்க்கஸ் கலைப் பயிற்சி குறித்து ஒரு விமர்சன நோக்கு

கலை விமர்சனம் என்ற பெயரில் எழுதப்படுவனவற்றுட் கவிதைக்கும் நாவலுக்கும் நாடகத்துக்கும், சற்றுப் பிந்தியேனும் சினிமாவுக்கும் உரிய இடம் கிடைத்துள்ளது. சர்க்கஸுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. அதனை விளையாட்டின் பாற்பட்டதென்று நாடகவியலாளரும், வெறும் வேடிக்கையென்று உடற்கல்வியாளரும் ஒதுக்கிவந்துள்ளனர். இப்புறக்கணிப்புக் கீழைத்தேயங்களுக்கு மட்டும் உரியதுமன்று. கலைகளைப் போற்றுவதிற் பெருமை கொள்ளும் பிரான்ஸிலேயே 1970களின் இறுதிவரை சர்க்கஸ் விவசாய அமைச்சின் பொறுப்பில் இருந்தது. கூண்டில் நின்ற மிருகங்கள் அரசின் கண்ணிற் பட்ட அளவுக்குக் கயிற்றில் நடந்த மனிதர் படவில்லை போலும். தமிழிலக்கிய மாணவருக்கோ இக்கலை அந்நியமானதன்று. ஆரியக் கூத்தர் கயிற்றின்மேல் ஆடும்போது முழங்கும் பறையைக் குறுந்தொகையின் 7ஆம் செய்யுள் உவமையாக எடுத்தாள்கின்றது. அப்பறையின் ஓசையை விளக்குவதுடன் வாசிப்பு நின்றுவிடுவதே வழக்கம். கயிற்றின்மேல் நின்றவர் அதனை யாரிடம், எத்தனை வயதில், எவ்வாறு கற்றார் என்ற வினா எழுவதில்லை.

அவ்வினா இன்று கல்விப் பிரச்சினையாகவும் சட்டப் பிரச்சினையாகவும் உருவெடுத்துள்ளது. 2006ஆம் ஆண்டிற் 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' என்னும் சிறுவர் உரிமை இயக்கம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஏப்பிரல் 18ஆம் திகதி தீர்ப்பளித்தது. சர்க்கஸ்களிற் சிறுவரை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்து அறிவித்தல் வெளியிடுமாறும், கூடாரங்களைச் சோதனையிட்டு அங்குள்ள சிறுவரை மீட்டு அவர்களது மறுவாழ்வுக்கு வழிசெய்யுமாறும் அது மத்திய அரசைப் பணித்தது. அத்தடைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது அரசியலமைப்பின் 21அ உறுப்புரை, அதாவது கல்வி பெறும் உரிமை. சர்க்கஸில் நிற்கும் பிள்ளை பாடசாலையில் இல்லை என்பதே அதன் தர்க்கம். அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் மறே ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த அல்பரி, வொடொங்கா என்னும் இரட்டை நகரங்களில், அதே வயதுப் பிள்ளைகள் ஒரே பாடசாலை நாளிற் கணிதமும் மொழியும் கற்றுக் கயிற்றிலும் ஊஞ்சலிலும் ஏறிக்கொண்டிருந்தனர். ஓரிடத்திற் கல்வியின் மறுப்பாகக் காணப்பட்டது பிறிதோரிடத்திற் கல்வியாகவே இருப்பது எங்ஙனம்? ஒன்று வறிய நாடு, மற்றது செல்வந்த நாடு என்று கூறி இவ்வினாவைக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் வறிய நாடொன்றிலேயே இதற்கு மாறான உதாரணம் உண்டு என்பது பின்னர் காட்டப்படும்.

சர்க்கஸும் பாடசாலையும் அண்மையிற் சந்தித்துக்கொண்டவையல்ல. நவீன சர்க்கஸின் தொடக்கமெனக் கொள்ளப்படும் பிலிப் அஸ்ட்லியின் களம் 1768இல் இலண்டனில் ஒரு குதிரையேற்றப் பள்ளியாகவே அமைந்தது. குதிரைப் படையிற் பணியாற்றி விலகிய அஸ்ட்லி காலையிற் கட்டணம் பெற்றுக் குதிரையேற்றம் கற்பித்தார்; பிற்பகலில் அங்கேயே வித்தை காட்டினார். பின்னர் நிலைபெற்ற 42 அடி விட்டமுள்ள வட்டக்களமும், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நிற்பவருக்குச் சமநிலை எளிதாகும் என்ற பயிற்சியாளரின் அனுபவத்தில் விளைந்ததே. 14 ஆண்டுகளின் பின்னர், 1782இல், சாள்ஸ் ஹியூஸ் என்பவரும் பாடலாசிரியரான சாள்ஸ் டிப்டினும் அஸ்ட்லிக்குப் போட்டியாக இன்னோர் அரங்கைத் திறந்தனர். 'சர்க்கஸ்' என்ற சொல்லை இக்கலைக்கு முதலிற் சூட்டிய அரங்கு அதுவே. அதன் நீண்ட பெயரில் 'அக்கடமி' என்ற சொல்லும் இருந்தது. அங்கு மேடையேறியவர்கள் அதற்கெனப் பயிற்றப்பட்ட சிறுவர்கள். அஸ்ட்லியிடம் கற்றவர் கற்பதற்குப் பணங் கொடுத்தார். டிப்டினிடம் கற்ற பிள்ளையோ கற்றதைக் காட்டிப் பிறருக்குப் பணம் ஈட்டிக் கொடுத்தது. இரண்டும் பள்ளியென்றே அழைக்கப்பட்டன. பின்வந்த இரு நூற்றாண்டுகளின் குழப்பத்துக்கு வித்து இங்கேயே இடப்பட்டுவிட்டது எனலாம்.

தென்னாசியாவில் இக்குழப்பத்தின் முழு வரலாற்றையும் ஓரூரில் வைத்தே காண விரும்புவோர் வட கேரளத்தின் தலச்சேரியை நோக்குதல் வேண்டும். கேக், கிரிக்கெட், சர்க்கஸ் ஆகிய மூன்றுக்கும் பேர்போனதென அவ்வூரார் வேடிக்கையும் பெருமையுமாகச் சொல்லிக்கொள்வர். மூன்றும் காலனித்துவ காலத்தின் வரவுகளே. எனினும் மூன்றாவதை அவ்வூர் தன்னுடையதாக்கிக்கொண்ட விதம் தனித்துவமானது. சியாரினி என்னும் இத்தாலியரின் குழு 1879இற் பம்பாய்க்கு வந்ததைத் தொடர்ந்து, குதிரைப் பயிற்சியாளரான விஷ்ணுபந்த் சத்ரே 1880இற் 'கிரேற் இந்தியன் சர்க்கஸ்' என்னும் குழுவை அமைத்தார். 1880களின் பிற்பகுதியில் அது தலச்சேரியிற் கூடாரமடித்தபோது சத்ரேயைச் சந்தித்தவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். இவர் களரிப் பயிற்சியில் வல்லவர். மிஷன் பாடசாலையில் உடற்பயிற்சி கற்பித்த ஆசிரியர். சர்க்கஸுக்கு வேண்டிய உடலை ஆக்கும் கல்வி ஏற்கெனவே தம் கையில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். களரியின் தாழ்ந்த நிலைகளும் கால்வீச்சுகளும் ஒருபுறம். பாடசாலை முற்றத்தில் ஐரோப்பியர் நாட்டிய குறுக்குக் கம்பிகளும் இணைக் கம்பிகளும் மறுபுறம். இவ்விரண்டையும் இணைத்து 1901இற் சிறக்கரை என்னுமிடத்திற் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியை அவர் நிறுவினார். இந்திய சர்க்கஸின் பெரும் மரபொன்று பாடசாலை ஆசிரியர் ஒருவரின் கையிலிருந்து தோன்றியது என்பது மனங்கொளத்தக்கது.

அப்பள்ளியிற் சேர்ந்தவர் யாவர் என்பது அதனினும் முக்கியமானது. தீயர் முதலாய, சாதியாற் பின்தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளே அங்கு பெருந்தொகையினர். நிஷா பி. ஆர். என்னும் ஆய்வாளர் இந்திய சர்க்கஸின் சமூக வரலாறு குறித்து 2020இல் வெளியிட்ட நூல், இக்கலையை உழைப்பின் வரலாறாகவும் சாதியின் வரலாறாகவும் வாசிக்கும் வழியைத் திறந்துள்ளது. அவ்வழியே சற்று மேலும் செல்லலாம். இன்னார் இன்னாருக்கு இத்தனை அடி தூரத்தில் நிற்றல் வேண்டும் என்று அளந்து வைத்திருந்த சமூகம் மலபாருடையது. மனிதக் கோபுரமோ ஒருவன் தோளில் இன்னொருவன் பாதம் படாமல் எழுவதில்லை. அந்தரத்திற் பறந்து வருபவளின் மணிக்கட்டைப் பற்றும் கை, பற்றுவதற்கு முன் குலம் விசாரிக்க இயலாது. சீர்திருத்தவாதிகள் மேடையிற் பேசிய சமத்துவத்தைச் சர்க்கஸ் பேசவில்லை. அதன் தொழில்நுட்பம் வேறு வழியை அதற்கு விட்டுவைக்கவில்லை. குஞ்ஞிக்கண்ணனின் மாணாக்கரான பரியாளி கண்ணன் 1904இற் 'கிராண்ட் மலபார் சர்க்கஸ்' என்ற குழுவை அமைத்தார். தலச்சேரியிலிருந்து புறப்பட்ட கண்ணன் பொம்பாயோ 1930களில் ஐரோப்பிய, அமெரிக்க அரங்குகளிற் கயிற்றின்மேல் துள்ளிக் கரணமடித்துப் புகழ்பெற்றார். ஊரின் நடுத்தெருவிற் சுதந்திரமாக நடக்க இயலாதிருந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கயிறு ஒரு பாதையாயிற்று.

இவ்வளவும் உண்மையே. எனினும் இவ்வுண்மையை மட்டும் சொல்லி நிறுத்துதல் விமர்சனமாகாது. தலச்சேரிப் பள்ளி கூடாரங்களுக்கு ஆளனுப்பும் வாயிலாகவும் இருந்தது. கூடாரங்கள் பெருகியபோது, பள்ளியிற் பயின்று செல்பவரை எதிர்பார்த்திராமல் குழந்தைகளை நேரே கூடாரத்துக்கு அழைத்து அங்கேயே பழக்கும் வழக்கம் வளர்ந்தது. நாளடைவில் அக்குழந்தைகள் கேரளத்திலிருந்து வருவது குறைந்து, வங்காளத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் தரகர் வழியாகக் கொண்டுவரப்பட்டனர். எழுத்தறியாத பெற்றோர் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தங்களிற் கைந்நாட்டிட்டனர். பயிற்சி இருந்தது, பள்ளி இல்லை. ஜி. அரவிந்தன் 1978இல் எடுத்த 'தம்பு' என்னும் மலையாளத் திரைப்படத்தைக் கண்டவர்கள், ஆற்றங்கரைக் கிராமமொன்றில் முதன்முதலாகச் சர்க்கஸ் பார்க்கும் மக்களின் முகங்களை மறந்திருக்க மாட்டார்கள். வாய் பிளந்து, கண் இமைக்காது, அச்சமும் களிப்பும் மாறிமாறித் தோன்றும் அம்முகங்களை ஷாஜி என். கருணின் கமரா நெடுநேரம் நோக்கிக்கொண்டிருக்கும். அப்படத்தின் சிறப்பு, கூடாரம் பிரிக்கப்பட்ட பின் எஞ்சும் வெறுமையையும் அதே பொறுமையுடன் அது நோக்குவதிலுள்ளது. காண்போரின் வியப்புக்கும் காட்டுவோரின் களைப்புக்கும் நடுவே பாலம் எதுவும் அங்கில்லை.

2011ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னர் சர்க்கஸ் உரிமையாளர் பக்கமிருந்து எழுந்த வாதம் யாவரும் அறிந்ததே: எலும்பு முற்றிய பின் இக்கலை கைவராது, சிறுவயதிற் பழக்காவிடிற் கலையே அழியும் என்பது. இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. முதுகெலும்பின் நெகிழ்வும் கைகளில் தலைகீழாக நிற்கும் பலமும் இளமையிற் கற்கத்தக்கன என்பதை உலகெங்குமுள்ள பயிற்சியாளர் ஒப்புவர். ஆயின் இளமையிற் கற்றல் வேண்டும் என்பதிலிருந்து இளமையில் உழைத்தல் வேண்டும் என்ற முடிவு எங்ஙனம் பெறப்படுகிறது? வீணை பழகும் எட்டு வயதுப் பிள்ளையை எவரும் நாளுக்கு மூன்று கச்சேரி செய்யுமாறு கேட்பதில்லை. அரசின் தவறு வேறிடத்தில் உள்ளது. கூடாரத்தின் கதவை மூடியபோது பாடசாலையின் கதவை இக்கலைக்குத் திறந்துவிட அது முனையவில்லை. தலச்சேரியில் 2010இற் கேரள அரசு தொடங்கிய சர்க்கஸ் பயிற்சிக் கழகம் மாணவர் தொகை பெருகாது சில ஆண்டுகளிற் செயலிழந்தது. பொதுக்கல்வியோடு இணையாத, முடிவில் எத்தொழிலுக்கும் உறுதிதராத பயிற்சிக்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பாததில் வியப்பில்லை.

இக்கலையைக் குடும்பத்திடமிருந்தும் முதலாளியிடமிருந்தும் எடுத்துப் பொதுக்கல்வியின் கையில் முதலில் வைத்தவர்கள் சோவியத் மக்கள். 1919இல் சர்க்கஸ்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1927இல் மொஸ்கோவில் அரச சர்க்கஸ் பள்ளி தோன்றியது. அதுவரை தந்தையிடமிருந்து மகனுக்கென்று இரத்த உறவின் வழி இறங்கிய வித்தையை, பரீட்சையெழுதித் தேறிய எவரும் கற்கலாம் என்றாயிற்று. அங்கு கயிற்று வித்தை பயின்று வெளியேறியவரே பிற்காலத்திற் கோமாளியாக உலகப் புகழ் பெற்ற ஒலெக் பொப்போவ். பிரான்ஸில் 1974இலும், கனடாவின் மொன்றியலில் 1981இலும் தோன்றிய பள்ளிகள் இவ்வழி வந்தனவே. இவையெல்லாம் தொழிற்கலைஞரை உருவாக்கும் நிறுவனங்கள். பொதுப் பாடசாலைப் பிள்ளையின் பிரச்சினையை அவை தொடவில்லை.

அதனைத் தொட்டது அல்பரி-வொடொங்கா. உலகச் சிறுவர் ஆண்டான 1979இல் அப்பகுதியின் நாடகக் குழுவொன்று உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய நிகழ்ச்சியிலிருந்து 'பிளையிங் புறூட் பிளை சர்க்கஸ்' பிறந்தது; பறக்கும் பழ ஈ என்பது அப்பெயரின் பொருள். தொடக்கத்தில் அதில் ஆர்வம் மிகுதி, நுட்பம் குறைவு. 1983இற் சீனாவின் நான்சிங் வித்தைக் குழுவினின்றும் பயிற்சியாளர்கள் அங்கு வந்தனர். சீன மரபிற் பயிற்சிக்கு அடிப்படை நான்கு: இடுப்பு, கால், தலைகீழ்நிலை, கரணம். இந்நான்கிலும் தேறாதவர் கருவியைத் தொடுவதில்லை. சுவரிற் கால்சாய்த்துக் கைகளில் நிற்கும் பயிற்சியே நாட்கணக்கில் நீளும். விளையாட்டாகக் கற்றுப் பழகிய அவுஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு இது எத்துணை மாறுபட்டதாயிருந்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. இரு மரபுகளும் மோதின. மோதலில் இரண்டும் சிறிது மாறின. பிள்ளையின் விருப்பத்தை மட்டும் நம்பிய முறை, கடினமான பயிற்சியையும் பிள்ளை விரும்பக்கூடும் என்பதைக் கற்றுக்கொண்டது. இன்றைய கல்வியியலாளர் பலர் இன்னும் கற்றுக்கொள்ளாத விடயம் அது.

சர்க்கஸ் வகுப்பொன்றில் உண்மையில் நிகழ்வது யாது? இதனை விளங்கிக்கொள்ளாமல் அதன் கல்விப் பெறுமானத்தைப் பேசுவது வீண். அங்கு முதற் பாடம் விழுதல். தோளை உள்வாங்கி, தலை நிலத்திற் படாது உருண்டு எழப் பழகிய பின்னரே ஏறுதல் தொடங்கும். கயிறு முழங்கால் உயரத்திற் கட்டப்படும்; கண் பாதத்தை நோக்காது கயிற்றின் மறுமுனையில் நிலைத்தல் வேண்டும். பந்தெறியக் கற்கும் சிறுவருக்கு முதலில் மெல்லிய துணிகள் கொடுக்கப்படுகின்றன. துணி மெதுவாக இறங்குவதால் கைக்குச் சிந்திக்க நேரம் கிடைக்கிறது. பின்னர் உருண்டோடாத சிறு பைகள். அதன் பின்னரே பந்து. மூன்று பந்துகளை எறியத் தொடங்கும் எவரும் தம்மையறியாது முன்னோக்கி எறிந்து அதன் பின்னே நடப்பர். எனவே ஆசிரியர் அவரைச் சுவருக்கு எதிரே நிறுத்துவார். சுவர் பேசாமலே திருத்திவிடும். அம்மானையாடிய தமிழ்ப் பெண்களுக்கு இந்நுட்பமெல்லாம் கைவந்திருந்தது; அதனைக் கல்வியென்று எவரும் அழைத்ததில்லை என்பது வேறு விடயம்.

மனிதக் கோபுரம் இன்னும் நுண்மையானது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்கும் பிள்ளையின் முதுகின் நடுவில் மிதிக்கலாகாது. தோளின் மேலோ இடுப்பெலும்பின் மேலோ பாதம் வைத்தல் வேண்டும். அருகில் நிற்கும் துணைவர் ஏறுபவரைத் தாங்கிக்கொண்டிருப்பதில்லை; தாங்கத் தயாரான கையுடன் தொடாமல் நிற்பார். எல்லா விதிகளுக்கும் மேலான விதியொன்று உண்டு. மேலிருப்பவரோ கீழிருப்பவரோ 'இறங்கு' என்று சொன்ன கணத்தில் காரணம் கேட்காது இறங்குதல் வேண்டும். வகுப்பின் மிகப் பெலவீனமான பிள்ளை சொன்னாலும் அச்சொல்லுக்கு ஆசிரியரும் கட்டுப்பட்டவரே. மெய்வல்லுநர் போட்டியில் ஒருவர் முதலாவதாக வர ஏனையோர் தோற்கின்றனர். அங்கு பருத்த உடலுடைய பிள்ளை ஓரமாக நின்று கைதட்டுவதே வழக்கம். கோபுரத்திலோ அவ்வுடலே அடித்தளம். சிறிய பிள்ளை உச்சிக்குரியது. உடல்களின் வேறுபாடு குறையாகாமல் கலையின் தேவையாகிறது.

இத்தகைய பயிற்சியைப் பாடசாலைகளிற் புகுத்த விரும்புவோர் இன்று எடுத்துரைக்கும் நியாயங்கள் பெரும்பாலும் வேறு வகையின. கனடாவில் டீன் கிரியெல்லார்ஸ் முதலானோர் உடற்கல்வியிற் சர்க்கஸைச் சேர்த்த பாடசாலைகளையும் சேர்க்காதவற்றையும் ஒப்பிட்டு 2019இல் ஆய்வு வெளியிட்டனர். முன்னவற்றிற் பிள்ளைகளின் உடலியக்கத் திறனும் நம்பிக்கையும் மேம்பட்டிருந்தன. வழமையான உடற்கல்வியிற் காணப்படும் ஆண்-பெண் இடைவெளி அங்கு குறுகியிருந்தது. இது மகிழ்ச்சிக்குரிய முடிவே. கணித ஆசிரியருக்கும் இதிற் பங்குண்டு. தகவற் கோட்பாட்டின் தந்தையான குளோட் ஷனன் தாமே பந்தெறியும் வித்தையில் ஈடுபட்டவர். அதற்கு ஒரு சமன்பாடும் வகுத்தார். பந்து காற்றிலிருக்கும் நேரத்தையும் கையிலிருக்கும் நேரத்தையும் கூட்டிக் கைகளின் தொகையாற் பெருக்கினால் வருவது, கை வெறுமையாயிருக்கும் நேரத்தையும் பந்தைத் தாங்கும் நேரத்தையும் கூட்டிப் பந்துகளின் தொகையாற் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்பது அது. அட்சரகணிதம் இவ்வளவு கண்கூடாகக் காற்றிற் பறப்பது அரிது.

ஆயினும் இந்நியாயங்களுள் ஓர் ஆபத்து உண்டு. உடல்நலத்துக்கு நல்லது, தன்னம்பிக்கைக்கு நல்லது, கணிதத்துக்கும் நல்லது என்று அடுக்கும்போது சர்க்கஸ் கசப்பு மருந்தை விழுங்கவைக்கும் தேனாகிவிடுகின்றது. நாடகத்துக்கும் இசைக்கும் முன்னர் நேர்ந்த கதியே இது. மொழிப்பாடத்தைக் கற்பிக்க நாடகம் பயன்படும் என்று வாதாடி அதனைக் கலைத்திட்டத்திற் புகுத்தியவர்கள், பின்னர் மொழிப்பாடத்துக்கு வேறு மலிவான வழி கிடைத்ததும் நாடகம் வெளியேற்றப்படுவதைப் பார்த்து நிற்க நேரும். வறிய இளைஞருக்குச் சர்க்கஸ் கற்பிக்கும் 'சமூக சர்க்கஸ்' திட்டங்களில் இவ்வாபத்து மேலும் கூடுதல். மொன்றியலின் 'சேர்க் டு சொலெய்' நிறுவனம் 1995இற் தொடங்கிய உலகளாவிய திட்டம் இவற்றுட் பெயர்பெற்றது. அதில் உழைக்கும் பயிற்சியாளரின் நன்னோக்கம் ஐயத்துக்கிடமற்றது. எனினும் வேலையும் வீடும் இல்லாத இளைஞனுக்குச் சமநிலை பேணக் கற்பிப்பவர்கள், அவன் காலடி நிலம் ஏன் ஆடுகிறது என்ற வினாவை வகுப்புக்கு வெளியே விட்டுவிடல் ஆகாது.

அவ்வினாவை வெளியே விடாத பள்ளியொன்று கம்போடியாவின் பற்றம்பாங் நகருக்கு அருகில் உண்டு. தாய்லாந்து எல்லையிலிருந்த 'சைற் 2' அகதி முகாமில் வெரோனிக் டெக்ரோப் என்னும் பிரெஞ்சு ஆசிரியையிடம் சிறுவயதிற் சித்திரம் கற்ற இளைஞர் ஒன்பதின்மர், நாடு திரும்பி 1994இல் அவருடன் சேர்ந்து 'பார் பொன்லூ செல்பக்' என்ற கலைப்பள்ளியை நிறுவினர். முதலிற் சித்திரம், 1998இற் சர்க்கஸ். பொல் பொட் ஆட்சி கலைஞர்களைக் கொன்றொழித்த நாட்டில், கற்பிப்பதற்கு மூத்தோரே அருகியிருந்த நிலையில் இது தொடங்கியது. இங்கு பொதுக்கல்வியும் கலைப்பயிற்சியும் ஒரே வளவில் நிகழ்கின்றன. பயின்ற இளைஞர் போரையும் முகாமையும் தம் கிராமங்களையும் பொருளாகக் கொண்ட காட்சிகளைப் படைக்கின்றனர். 2013 முதல் சியெம் ரீப் நகரிற் சுற்றுலாப் பயணிகளுக்காக நிகழும் காட்சிகளின் வருவாய் பள்ளிக்குச் செல்கின்றது. கற்றவர் காட்டும் வித்தையால் வரும் பணம் என்ற அளவில் டிப்டினின் பழைய முடிச்சு இங்கும் இருக்கத்தான் செய்கிறது. வறுமை அதனை அவிழ்க்க விடுவதில்லை. ஆனால் அப்பணம் கற்கும் பிள்ளைக்குத் திரும்பிவருகிறது. காட்சியின் கதையும் காட்டுவோருடையதாயிருக்கிறது. செல்வநிலை பற்றிய விடை போதாது என்று முன்னர் கூறப்பட்டது இதனாலேயே.

அவ்வாறாயிற் கயிற்றின்மேல் நிற்கும் இரு பிள்ளைகளையும் வேறுபடுத்துவது எது? உயரமன்று, அபாயமுமன்று. அபாயத்தை முற்றாக நீக்கினாற் சர்க்கஸ் எஞ்சாது. 'இறங்கு' என்ற அச்சொல் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது. நல்ல வகுப்பில் அது விரிப்பின் மேல் மட்டும் செல்லுபடியாவதன்று. இன்று பயிற்சி வேண்டாம் எனவும், இவ்வாண்டோடு விலகுகிறேன் எனவும், எனக்குத் தச்சுத் தொழிலே பிடித்திருக்கிறது எனவும் பிள்ளை சொல்ல இயலும். பத்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்ட நேபாளச் சிறுமிக்கு அச்சொல் மறுக்கப்பட்டிருந்தது. அந்தரத்தில் அவள் சொன்னாற் கேட்டிருப்பர். வீட்டுக்குப் போகச் சொன்னாற் கேளார்.

இவ்விடத்திற் காத்மண்டுவில் நிகழ்ந்ததொன்று கருதத்தக்கது. இந்தியக் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்டு ஊர் திரும்பிய இளைஞர் சிலர், பெண்களும் ஆண்களுமாக, சில காலத்தின் பின்னர் தாமே ஒன்றுகூடிச் 'சர்க்கஸ் காத்மண்டு' என்ற குழுவை அமைத்தனர். 2017இல் வெளிவந்த 'ஈவன் வென் ஐ போல்' என்னும் ஆவணப்படம் இவர்களைப் பற்றியது. தம்மிடமிருந்து பிள்ளைப்பருவத்தைப் பறித்த அதே வித்தையை அவர்கள் வெறுத்திருக்கலாம்; வெறுத்திருந்தால் எவரும் குறைகூற இயலாது. ஆயினும் தமக்கென்று இருந்த ஒரே கல்வி அதுவாயிருந்தது. இம்முறை அதனை அவர்கள் தம் விருப்பில் ஏந்தினர். கூடாரத்தில் அவர்கள் கற்றது கல்வியே அன்று என்று கூறும் சட்டவாதிக்கும், கூடாரமே சிறந்த பள்ளி என்று கூறும் உரிமையாளருக்கும் இவர்களிடம் பதில் இருக்கிறது; இருவரும் அவர்களைக் கேட்டதாயில்லை.

கயிற்றாடல் பற்றிய சங்கச் செய்யுள்களில் நற்றிணையின் 95ஆவது இன்னொன்று. பல இயங்கள் ஒலிக்க ஆடுமகள் ஒருத்தி நடந்து முடித்த கயிறு அங்கு இன்னும் அவிழ்க்கப்படாமற் கிடக்கிறது. செம்முகக் குரங்கின் குட்டியொன்று அதிற் பற்றித் தொங்குகிறது. குறவர் சிறுவர் பாறை மேலேறி, மூங்கிலை வளைத்து விசைத்தெழுந்து, அக்குட்டிக்குத் தாளம் கொட்டுகின்றனர். ஆசிரியரில்லை; கட்டணமில்லை; களைத்த குட்டி விரும்பியபோது கயிற்றை விட்டுவிடும், சிறுவரும் வீடு செல்வர். அக்கயிற்றின்மேல் நடந்தவள் அடுத்து எவ்வூருக்குச் சென்றாள், அன்றைய ஆட்டத்துக்கு அவளுக்கு என்ன கிடைத்தது என்பனவற்றைச் செய்யுள் கூறவில்லை.